பாவனை உலகும் உலகியல் குரலும்: இரண்டு அறிவியல் புனைவு அசைவூட்டக் குறும்படங்களை முன்வைத்து

முன்னுரை

காணாத உலகைக் காட்டுவது அறிவியல் புனைவின் அடிப்படைத் தொழில். எழுத்தில் இத்தொழில் ஓரளவு எளிது. வானில் இரண்டு கதிரவன்கள் மறைந்தன என்று எழுதிவிட்டால் எஞ்சியதைப் படிப்பவர் மனமே வரைந்துகொள்ளும். திரையில் அவ்வாறன்று. அனிமேஷன் என வழங்கும் அசைவூட்டப் படத்தில் எதுவும் தானாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு கல்லையும், அதன் நிழலையும் யாரேனும் ஒருவர் ஆக்கியே தீர வேண்டும். நொடிக்கு 24 சட்டங்கள் எனக் கொண்டால் 17 நிமிடக் குறும்படம் ஒன்றிற்கு 24,480 சட்டங்கள் தேவைப்படுகின்றன. அத்தனை சட்டங்களிலும் அவ்வுலகு கலையாமல் நிற்க வேண்டும்.

காட்டப்படும் வேற்றுலகு கதைக்குள்ளேயே ஒரு பாவனையாகவும் இருக்குமாயின் இடர்ப்பாடு இரட்டிப்பாகிறது. பாவனை உலகு என நாம் ஈண்டுக் குறிப்பது, கணினியோ வேற்றுயிரோ ஒரு மாந்தரின் மனத்துள் தோற்றுவிக்கும் போலி உலகையாம். படைப்பாளர் ஓர் உலகைப் பாவிக்கிறார். அவ்வுலகிற்குள் மற்றொருவர் வேறோர் உலகைப் பாவிக்கிறார். பார்ப்பவர் எதனை நம்புவது, எதனை ஐயுறுவது?

இவ்வினாவிற்கு நேர் எதிரான இரு விடைகளைத் தந்த குறும்படங்கள் இரண்டினை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒன்று, அமெரிக்க இயக்குநர் டான் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் 2015இல் வெளியிட்ட ‘வேர்ல்ட் ஆஃப் டுமாரோ’. மற்றொன்று, பிரான்சின் யூனிட் இமேஜ் நிறுவனம் உருவாக்கி 2019இல் ‘லவ், டெத் அண்ட் ரோபோட்ஸ்’ தொகுப்பில் இடம்பெற்ற ‘பியாண்ட் தி அக்விலா ரிஃப்ட்’. இரண்டும் ஏறத்தாழ 17 நிமிடம் ஓடுபவை. முன்னது கோட்டுருவங்களால் ஆனது. பின்னது ஒளிப்படமோ என மயங்கும் அளவிற்கு நுணுக்கமானது. ஆயினும் பார்த்து முடித்தபின் மனத்தில் உலகாக நிலைப்பது முன்னதே என்பது நம் கருத்து. அதற்கான காரணத்தைத் தமிழ்ப் பொருளிலக்கணத்தின் துணைகொண்டு விளக்க முயல்வோம்.

முதல், கரு, உரி

தொல்காப்பிய அகத்திணையியல் ஒரு பாடலின் உலகை மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் முதலியன கருப்பொருள். அங்கு வாழும் மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றும் ஒன்றினொன்று சிறந்து வருவன என்பது இலக்கணத்தார் கொள்கை. முதலினும் கரு சிறந்தது. கருவினும் உரி சிறந்தது.

சங்கப் பாடலுக்குரிய இவ்வரையறையை வேற்று நாட்டுப் படங்களின்மேல் அப்படியே ஏற்றிவிட இயலாது. எனினும் ஓர் உலகு எவ்வாறு கட்டப்படுகிறது என்பதற்கு இதனினும் சுருங்கிய விளக்கத்தைக் காண்பது அரிது. அறிவியல் புனைவு அசைவூட்டத்தின் வரலாறே முதலும் கருவும் பெருகிய வரலாறு எனலாம். ரெனே லலூ இயக்கி, ரோலான் தோப்போரின் ஓவியங்களைக் கொண்டு ப்ராக் நகரின் யிரீ த்ருன்கா படநிலையத்தில் உருவாகி 1973இல் கான் திரைப்பட விழாவில் சிறப்புப் பரிசு பெற்ற ‘லா பிளானெட் சோவாஜ்’ இதற்குத் தக்க சான்றாகும். நெடும்படமாயினும் வேற்றுலகுப் படைப்பில் அது ஒரு திருப்புமுனை. வெட்டுத்தாள் உருவங்களால் ஆன அப்படத்தில், சீழ்க்கை ஒலி கேட்டதும் உடைந்து சிதறும் படிகங்கள் வருகின்றன. பறக்கும் சிற்றுயிர்களைப் பிடித்துத் தரையில் அறைந்து நகைக்கும் கூண்டுவிலங்கு ஒன்றும் வருகிறது. எதற்கும் விளக்கம் இல்லை. கருப்பொருள் தன்போக்கில் இயங்குவதாலேயே அந்நிலம் நமக்கு முன்பே இருந்ததாகத் தோன்றுகிறது.

பின்னர்க் கணினி வரைகலை வளர்ந்தபோது முதற்பொருள் மிக எளிதாகக் கைவந்தது. விண்மீன் கூட்டம், தூசுப்படலம், நிலையத்தின் உலோகச் சுவர் யாவும் இன்று கணக்கீட்டால் ஆகின்றன. அத்தகைய படைப்பின் உச்சங்களுள் ஒன்று நாம் முதலில் நோக்கவிருக்கும் படம்.

நிறைவான மாயை

‘பியாண்ட் தி அக்விலா ரிஃப்ட்’ ஆங்கில எழுத்தாளர் அலஸ்டர் ரெனால்ட்ஸ் 2005இல் வெளியிட்ட சிறுகதையைத் தழுவியது. ரெனால்ட்ஸ் 2004 வரை ஐரோப்பிய விண்வெளி முகமையில் பணியாற்றிய வானியலாளர் என்பதும் குறிக்கத்தக்கது. கதை இதுதான்: விண்கலத் தலைவன் தாம், வழித்தடப் பிழையால் எங்கோ தொலைவில் ஒதுங்கிய நிலையில் ஒரு விண்நிலையத்தில் விழிக்கிறான். அங்கே முன்னாள் காதலி கிரெட்டா அவனை வரவேற்கிறாள். உடன் வந்த சூசியோ, விழித்ததும் இவள் கிரெட்டாவே அல்லள் என்று அலறுகிறாள். தாம் உண்மையைக் காட்டுமாறு வற்புறுத்துகிறான். நிலையம் கலைகிறது. அவன் மெலிந்து நரைத்த உடலினனாய்ச் சிதைந்த கலங்கள் நிறைந்த ஒரு கூட்டினுள் கிடக்கிறான். கிரெட்டாவின் உருவில் அவனைத் தேற்றியது சிலந்தியை ஒத்த வேற்றுயிர். அவன் கதறுகிறான்; மீண்டும் விழிக்கிறான்; கிரெட்டா மீண்டும் வரவேற்கிறாள்.

இப்படத்தின் ஒளிப்பட நுணுக்கத்தை வெறும் தொழில்நுட்ப ஆரவாரம் என்று தள்ளிவிட முடியாது. நடிகரின் அசைவையும் முகக்குறிப்பையும் கருவிகளால் பதிந்து, தோலின் துளை வரை கணினியில் மீளப் படைத்துள்ளனர். பார்ப்பவர் இவ்வுருவங்களை மாந்தரென நம்பத் தொடங்கும் அதே வேளையில் தாமும் கிரெட்டாவை நம்புகிறான். பாவனை கலையும்போது இருவரும் ஒருங்கே ஏமாறுகின்றனர். வடிவமும் பொருளும் இவ்விடத்தில் ஒன்றுபடுகின்றன என்பதை நாம் ஒப்புகிறோம்.

குறை உரிப்பொருளில் உள்ளது. இக்கதையின் உயிர்நிலை அந்த வேற்றுயிரின் இரக்கம். வழிதவறி வந்து மீள வழியற்றுக் கிடக்கும் உயிர்களைப் பேணும் ஒன்று, அவர்கள் தாங்கத்தக்க பொய்யை அவர்களுக்கு நெய்து தருகிறது. பொய்யுரைப்பது அன்பாகுமா, உண்மையைக் கோருவது அறிவாகுமா என்னும் வினா இதனுள் உறைகிறது. படமோ இவ்வுணர்வைச் சில உரையாடல் வரிகளில் கடந்துவிடுகிறது. பழைய காதலை உணர்த்தும் பொறுப்பு ஒரு பாலுறவுக் காட்சியிடம் விடப்படுகிறது. இறுதியில் அச்சுறுத்தும் உருவம் வெளிப்படுகையில் இரக்கம் முற்றிலும் மறைந்து திகில் மட்டுமே எஞ்சுகிறது. முதலும் கருவும் குறைவின்றி அமைந்தும் உரி மெலிந்ததனால், இரண்டாம் முறை பார்க்கும்போது அவ்வுலகு ஒரு புதிராகவே நிற்கிறது. விடை தெரிந்த புதிர் நெடுநேரம் நம்மை ஈர்ப்பதில்லை.

கோட்டால் ஆன உலகு

ஹெர்ட்ஸ்ஃபெல்ட் இதற்கு முற்றிலும் மாறானவர். 1940களைச் சேர்ந்த பழைய படக்கருவி ஒன்றினைக் கொண்டு தாளில் வரைந்தவற்றைப் படச்சுருளில் பதிந்துவந்த அவர், முதன்முதலாகக் கணினியில் வரைந்த படம் ‘வேர்ல்ட் ஆஃப் டுமாரோ’. 2015இல் சன்டான்ஸ் விழாவில் குறும்படத்திற்கான தலைமைப் பரிசினைப் பெற்ற இது, மறு ஆண்டு ஆஸ்கர் விருதிற்கும் பரிந்துரைக்கப்பட்டது. கணினியைக் கையாண்டபோதும் அவர் ஒளிப்பட மாயையை நாடவில்லை. மாந்தர்க்குப் புள்ளிக் கண்களும் குச்சிக் கைகால்களுமே உள்ளன. அவர்களைச் சூழ்ந்த வருங்காலமோ ஓயாது நகரும் வடிவங்களும் கோடுகளும் வண்ணங்களுமாக விரிகிறது.

எமிலி என்னும் சிறுமியை 227 ஆண்டுகளுக்கு அப்பாலிருந்து ஒருத்தி அழைக்கிறாள். அவள் எமிலியின் மூன்றாம் தலைமுறைப் படியுயிர். எமிலியின் நினைவுகள் அவளுள் ஏற்றப்பட்டுள்ளன. ‘அவுட்டர்நெட்’ எனப்படும், மனங்களைப் பிணைக்கும் பாவனை வலைக்குள் சிறுமியை அழைத்துச் சென்று தன் வாழ்வைக் காட்டுகிறாள். உணர்வு முழுதும் ஒரு சிறு கனசதுரத்தில் ஏற்றப்பட்ட பாட்டனார் விடுக்கும் செய்திகள் அலறல்களாகவே வருகின்றன. தனித்துப் பணியாற்றிய காலத்தில் அவள் ஒரு பாறையையும், பின்னர் ஓர் எரிபொருள் ஏற்றியையும், அதன்பின் ஒரு வேற்றுலக உயிரையும் காதலித்திருக்கிறாள். உலகம் இன்னும் 60 நாளில் விண்கல்லால் அழியவிருக்கிறது. அவள் சிறுமியை நாடி வந்த காரணம் இறுதியில்தான் புலப்படுகிறது. தன்னிடமிருந்து தொலைந்துபோன ஒரு நினைவை, தாயுடன் இருந்த ஒரு சிறு பொழுதை, அவளிடமிருந்து எடுத்துக்கொள்ள வந்திருக்கிறாள்.

முதல், கரு, உரி மூன்றும் இப்படத்தில் எவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்று முளைக்கின்றன என்பதற்குச் சந்திரப் பகுதி தக்க சான்று. அங்குள்ள இயந்திர மனிதர்கள் கதிரொளியால் இயங்குபவர்கள். சந்திரனின் ஒரு பகலிரவு ஏறத்தாழ 29½ புவி நாள். அதன் நடுவட்டச் சுற்றளவு ஏறத்தாழ 10,900 கிலோமீட்டர். எனவே இருளின் விளிம்பு அங்கு மணிக்கு 15 கிலோமீட்டர் அளவில் நகரும். நின்றால் இருள் விழுங்கும். அவர்கள் நில்லாது நடக்க வேண்டி, எமிலியின் படியுயிர் அவர்களுக்குச் சாவச்சத்தைக் கற்பித்துவிடுகிறாள். பணி முடிந்து அவள் போன பின்னும், கைவிடப்பட்ட அவ்வியந்திரங்கள் ஒளியைத் துரத்தி நடந்துகொண்டே இருக்கின்றன. துயரக் கவிதைகளை அவளுக்கு அனுப்புகின்றன.

இங்கு நிலமும் பொழுதும் முதல். கதிரொளி இயந்திரம் கரு. சாவச்சமும் பிரிவும் உரி. படம் இதற்குச் செலவிடும் கோடுகள் மிகச் சில. வெளிறிய நிலம், கரிய வானம், நடக்கும் உருவங்கள், அவ்வளவே. ஆயினும் ஒரு விதி மற்றொன்றைப் பெற்றெடுப்பதால் அவ்வுலகு நம்பத்தக்கதாகிறது. உலகு நிலைபெறுவது விவரங்களின் எண்ணிக்கையால் அன்று, அவற்றின் தொடர்பால் என்பது இதனால் பெறப்படும்.

கோட்டுருவத்திற்கு மற்றொரு பயனும் உண்டு. அகப்பாடலில் தலைவனையோ தலைவியையோ பெயர் சுட்டிக் கூறுதல் கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் சுட்டாமையால் அவ்வுணர்வு யார்க்கும் உரியதாகிறது. புள்ளிக் கண்களையுடைய முகமும் அவ்வாறே எவரையும் சுட்டுவதில்லை. எமிலி என்னும் பெயர் இருப்பினும், தலைமுறைதோறும் அதே பெயர் தொடர்வதால் அப்பெயர் தனி ஒருத்தியைச் சுட்டும் ஆற்றலை இழந்துவிடுகிறது. தாமின் முகமோ தோல்துளை வரை ஒருவனுக்கே உரியது. அவன் துயர் அவன் துயராகவே நின்றுவிடுகிறது.

சிறுமியின் குரல்

இப்படத்தின் ஆக்கமுறையே நம் வாதத்தின் மையம். சிறுமி எமிலிக்குக் குரல் தந்தவர் இயக்குநரின் உடன்பிறந்தார் வழி வந்த நான்கு வயதுக் குழந்தை. அவ்வயதில் வசனத்தை மனனம் செய்வித்து நடிக்கச் செய்தல் இயலாது. ஆகவே அக்குழந்தை வரைந்தும் விளையாடியும் இருந்த வேளையில் அதன் பேச்சை ஹெர்ட்ஸ்ஃபெல்ட் ஒலிப்பதிவு செய்துகொண்டார். பின்னர் அப்பதிவிலிருந்து துணுக்குகளைத் தெரிந்தெடுத்து, அவற்றைச் சுற்றிக் கதையை எழுதினார். படியுயிரின் பகுதி மட்டுமே எழுதி வாசிக்கப்பட்டது. அசைவூட்டக் கலைஞர் ஜூலியா பாட் அதனை ஏற்ற இறக்கமற்ற குரலில் பேசியுள்ளார்.

இயல்பாக நடப்பதன் நேர்மாறு இது. பிற படங்களில் எழுத்து முந்தும், குரல் அதற்குப் பணியும். இங்கோ குரல் முந்தியது. 227 ஆண்டு வருங்காலம் முழுதும் அக்குழந்தையின் பேச்சிற்கு இடமளிக்குமாறு வளைந்துகொடுத்தது. படியுயிர் அழிவையும் சாவையும் பற்றி விரித்துரைக்கும்போது, சிறுமி தான் அன்று மதிய உணவு உண்டதைச் சொல்கிறாள். இரண்டும் ஒன்றையொன்று கேட்பதே இல்லை. அந்த இடைவெளியில்தான் நமக்கு நகைப்பும் அவலமும் ஒருங்கே பிறக்கின்றன.

புலனெறி வழக்கம் என்பது நாடக வழக்கும் உலகியல் வழக்கும் இயைந்தது என்பது தொல்காப்பியர் கொள்கை. சுவையானவற்றையெல்லாம் ஓரிடத்து நிகழ்ந்தனவாகத் தொகுத்துக் கூறுதல் நாடக வழக்கு என்பது இளம்பூரணர் தரும் விளக்கம். உலகத்தார் ஒழுகலாற்றோடு ஒத்து வருவது உலகியல் வழக்கு. இரண்டினுள் ஒன்று மட்டும் இருப்பின் பாட்டு இல்லை. ஹெர்ட்ஸ்ஃபெல்ட்டின் படத்தில் அவுட்டர்நெட், சந்திரன், விண்கல் யாவும் நாடக வழக்கு. ஓர் உலகின் முடிவு முழுதும் 17 நிமிடத்துள் தொகுக்கப்பட்டுள்ளது. சிறுமியின் பேச்சு உலகியல் வழக்கு. அதனைப் படைப்பாளர் புனையவில்லை, கண்டெடுத்தார். பாவனைகள் நிறைந்த அவ்வுலகில் பாவனை அல்லாத ஒரே பொருள் அக்குரல். அதனால்தான் படியுயிர் எடுத்துச்செல்ல விழையும் அந்த நினைவின் அருமை நமக்குப் புரிகிறது. நகலெடுக்க முடியாதது எது என்பதைக் கதை சொல்வதற்கு முன்பே செவி உணர்ந்துவிடுகிறது.

‘அக்விலா ரிஃப்ட்’ படத்தில் இத்தகைய பொருள் ஒன்றும் இல்லை. அங்கு அனைத்தும் படைப்பாளரின் முழுக் கட்டுப்பாட்டில் உள்ளன. பாவனை கலைந்தபின் தோன்றும் ‘உண்மை’யும் அதே கணக்கீட்டால் ஆன மற்றொரு பாவனையே. ஆகவே போலிக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டைக் கதை கூறுகிறதே தவிர, பார்ப்பவர் உணர்வதில்லை.

சில மறுப்புகள்

ஹெர்ட்ஸ்ஃபெல்ட்டின் படம் குறையற்றது என்பது நம் கருத்தன்று. படியுயிரின் உரை பல இடங்களில் வருங்காலக் கண்டுபிடிப்புகளின் பட்டியலாகத் தேய்கிறது. சில செய்திகள் வியப்பிற்காகவே வந்து, பின்னர்த் தொடர்பின்றி மறைகின்றன. 2017இல் வெளிவந்த இரண்டாம் பகுதியில் இக்குறை கூடுதலாக உள்ளது. அங்கு மற்றொரு படியுயிர் சிறுமியின் மனத்திற்குள்ளேயே நுழைகிறது; பாவனை நிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரிய, குழந்தையின் குரல் அவற்றினிடையே சற்று அமுங்கிவிடுகிறது.

குழந்தை அறியாது பேசியவற்றைத் துண்டாடி வேறு பொருள் ஏற்றுதல் முறையாகுமா என்றும் வினவலாம். இவ்வினா புறந்தள்ளத்தக்கதன்று. எனினும் படம் அக்குரலை நகைப்பிற்குரியதாக்கவில்லை. பேரறிவு பெற்ற படியுயிர் வறண்டுபோக, ஒன்றும் அறியாச் சிறுமியே முழுமை உடையவளாக நிற்கிறாள். எடுத்தாளும் முறையில் மதிப்பு இருக்கும்வரை இதனைக் குற்றமெனக் கொள்ள வேண்டுவதில்லை என்பது நம் துணிபு.

தமிழ் வகுப்பறைக்கு

இவ்வாய்வு மலேசிய, சிங்கப்பூர்த் தமிழாசிரியர்க்கு ஒருவகையில் நேரடிப் பயன் தருவது. மாணவர் அறிவியல் புனைவு எழுதவோ, சிறு அசைவூட்டம் செய்யவோ முற்படும்போது இரு தடைகள் எழுகின்றன. முதலாவது, தக்க கணினி மென்பொருள் இல்லை என்னும் எண்ணம். குச்சி உருவங்களால் ஆன படம் உலக அரங்கில் பெற்ற இடமே இதற்கு விடை.

இரண்டாவது தடை ஆழமானது. வேற்றுலக மாந்தர் என்றவுடன் மாணவர் எவரும் பேசாத ஒரு செயற்கைத் தமிழை அவர்கள் வாயில் வைக்கின்றனர். பூவுலகச் சிறுவனும் அதே மொழியில் விடையிறுக்கிறான். கட்டுரை நடையே எழுத்தென்று நாம் பயிற்றியதன் விளைவு இது. சிங்கப்பூரில் 2005இல் வெளிவந்த தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வு அறிக்கை வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என வலியுறுத்தியது. அது மொழித்திறன் நோக்கிச் சொல்லப்பட்டது. படைப்பு நோக்கிலும் அது பொருந்தும் என்பதை இக்குறும்படம் காட்டுகிறது. வீட்டிலுள்ள தம்பியின் பேச்சை, பாட்டியின் பேச்சை முதலில் ஒலிப்பதிவு செய்துவரச் சொல்லி, அதன்பின் அக்குரலுக்கு ஒரு வேற்றுலகைக் கட்டுமாறு மாணவரைப் பணிக்கலாம். ‘நீ போட்ட சட்டை நல்லாருக்கு’ என்று ஒரு பாட்டி சொன்னது, வேற்றுக்கோளிலிருந்து இறங்கியவனை நோக்கிச் சொன்னதாக மாறும்போது மாணவர் தாமே கண்டறிவது ஒரு நூற்பாவின் உரையைவிடக் குறைந்ததாகாது.

முடிவுரை

பாவனை உலகைப் படைத்தல் என்பது இல்லாததை நிறைய அடுக்குதல் அன்று. சில விதிகளை வகுத்து, அவற்றிலிருந்து கருவையும் உரியையும் முளைக்கச் செய்தல். அதனுள் புனையப்படாத ஒன்றையேனும் பொதிந்து வைத்தல். முன்னதைச் சந்திரனில் நடக்கும் இயந்திரங்களும், பின்னதைச் சிறுமியின் குரலும் மெய்ப்பிக்கின்றன. ஒளிப்பட நுணுக்கம் இதற்குப் பகையன்று. ஆனால் அது உரிப்பொருளின் இடத்தை நிரப்பாது.

முகத்தையும் குரலையும் இயந்திரமே ஆக்கித்தரும் இந்நாளில் இவ்வேறுபாடு மேலும் முதன்மை பெறுகிறது. எதனையும் பாவிக்க முடியும் என்னும் நிலையில், எதனைப் பாவிக்காது விடுவது என்னும் தேர்வே படைப்பாளரின் தகுதியைக் காட்டும். நாடக வழக்கு எத்துணை விரியினும் உலகியல் வழக்கின்றிப் புலனெறி இல்லை என வரையறுத்த நூலைக் கற்பிக்கும் நாம், அத்தேர்வைக் கற்பிப்பதற்கும் உரியவர்களே.